பொறி பார்த்த கை

போன வாரம் பெரியவன் வீசிய ஸ்பானர் கடைச் சுவரில் போட்ட தழும்பு இன்னும் அப்படியே இருந்தது. பூசுவதற்கு நேரமில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். நேரமெல்லாம் இருந்தது. அதன் பக்கத்தில் போய் நிற்கத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. தம்பியின் காதை உரசிக்கொண்டு போன ஸ்பானர் அது. ஒரு விரற்கடை இந்தப் பக்கம் வந்திருந்தால், இந்த வாரம் நாம் துக்கம் விசாரித்துக்கொண்டிருப்போம்.

எதற்காக வீசினான் என்று புதிதாகப் படிக்க வருகிறவர்கள் கேட்கலாம். வேறெதற்கு? பேட்டரிக்குத்தான். மற்ற குடும்பங்களில் சொத்துக்குச் சண்டை வரும், ஒரு சொல் தடித்தால் சண்டை வரும். இந்தக் குடும்பத்தில் எந்தச் சண்டையும் பேட்டரியில் ஆரம்பித்து பேட்டரியில்தான் வந்து நிற்கும்.

அப்பா விட்டுப்போன பழைய மாடல் பேட்டரிக் கடையை நடத்துகிறவன் பெரியவன். ஈயமும் ஆசிட்டும்தான் அவன் உலகம். அடுத்தவன் பேட்டரியில் ஓடும் மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டுகிறான். உட்கார்ந்த இடத்தில் கண்ணசந்துவிடுவதால் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். கடைக்குட்டி பொடிசு ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். பல வருஷமாக ஒரு புது செல் செய்கிறாள். அதற்குள் திரவம் என்று எதுவும் கிடையாது, எல்லாமே கெட்டி. சீக்கிரம் சார்ஜ் ஏறும், தீப்பிடிக்காது. செல்லின் நடுவில் ஆணியை அடித்துக் காட்டினாள், புகைகூட வரவில்லை.

"லேப்ல எதுதான் ஓடல? ரோட்ல ஓட்டிக் காட்டு பார்ப்போம்" என்று பெரியவன் நக்கலடித்தான். "என் வண்டில போட்டு ஓட்டிக் காட்டு பொடிசு" என்று தூங்குமூஞ்சி வாயைவிட்டான். அண்ணன் கடைப் பேட்டரியைக் கழற்றி வீசிவிட்டுத் தங்கச்சி பேட்டரியை மாட்டுவதா? பறந்தது ஸ்பானர்.

இந்த மூன்று பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவள் அண்ணி. பெரியவனின் மனைவி. தெருவே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடும். செல்களை வரிசையாக அடுக்கி, அவற்றின் தலையில் மெல்லிய உலோகப் பட்டையை வைத்து, 'டப் டப்' என்று வெல்டு அடிப்பது அவள் வேலை. அந்த மெஷினை அவளைத் தவிர வேறு யாரும் தொட முடியாது. பொடிசின் புதுச் செல்களுக்கும் அவள்தான் வெல்டு அடித்தாள். புருஷன் முறைக்க முறைக்க அடித்தாள்.

ஆக, அன்று காலையில் இரண்டு பெட்டிகள் தயாராகி மேஜைமேல் இருந்தன. ஒன்று தூங்குமூஞ்சியின் சரக்கு வண்டிக்கு. இன்னொன்று ஆராய்ச்சிக்கூடத்துப் பெரிய அதிகாரியின் வீட்டு ஸ்கூட்டருக்கு. கனத்த கண்ணாடி போட்ட மனுஷர். "என் வீட்டுல ஓட்டிப் பார்க்காம ஊருக்குக் குடுக்க மாட்டேன்" என்று அடம்பிடித்து ஒன்றைக் கேட்டிருந்தார்.

"இதை யாரும் தொடக்கூடாது, சொல்லிட்டேன்" என்று பொடிசு உத்தரவு போட்டுவிட்டுக் கடையை ஒட்டி இருந்த வண்டி ஷெட்டுக்குப் போனாள். அங்கே தூங்குமூஞ்சி வண்டியிலிருந்து பழைய பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தான். அண்ணி அடுப்பில் டீயை ஏற்றினாள்.

டீ கொதித்து மேலே வரும்போது கடைப் பக்கமிருந்து 'டப்' என்று ஒரு சத்தம்.

யாருடா அது என் மெஷினில் கை வைத்தது என்று அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. டம்ளர்களைத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்தாள். மெஷின் பக்கம் யாருமில்லை. பெரியவன் மேஜைமேல் குனிந்திருந்தான். கையில் வளைத்த கம்பி ஒன்று. அவள் பார்க்கும்போதே அதன் இரண்டு முனைகளையும் ஒரு பெட்டியின் பிளஸ், மைனஸ் முனைகளில் வைத்து ஓர் இழு இழுத்தான். 'டப்!' கண்ணைப் பறிக்கிற நீல வெளிச்சம். கம்பியின் நுனி உருகி மேஜையில் சொட்டியது.

அதற்குப் பெயர் பொறி பார்ப்பது. அந்தக் கடையில் காலங்காலமாக நடப்பதுதான். மீட்டரெல்லாம் படித்தவர்கள் வைத்துக்கொள்வது. பேட்டரிக்கு உயிர் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமா? கம்பியை வளை, இரண்டு முனையிலும் உரசு, பொறி எப்படிப் பறக்கிறது என்று பார். அப்பா அப்படித்தான் பார்த்தார், பெரியவன் அப்படித்தான் பார்க்கிறான். அண்ணியே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

"என்னங்க இது? பொடிசு தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாளே!"

"என் கடைக்குள்ள வந்த பேட்டரிய நான் பார்க்காம எவன் பார்ப்பான்?" என்றான் பெரியவன். உள்ளுக்குள் அவனுக்கே திடுக்கென்று இருந்திருக்க வேண்டும். இவ்வளவு பெரிய பொறியை அவன் கண்டதில்லை. "நல்லாத்தான் உயிர் இருக்கு. போ, போய் உன் வேலையப் பாரு."

"அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாங்க."

அவ்வளவுதான். அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். தட்டு சாய்ந்து கொதிக்கிற டீ அவள் முழங்கை வரைக்கும் வழிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வாயைத் திறந்தே..." என்றான். மீதியைச் சொல்லவில்லை. சுவரில் இருந்த தழும்பைப் பார்த்தான், அவளையும் பார்த்தான். சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது.

அவள் வாயைத் திறக்கவில்லை. பயம் ஒரு பாதி. இன்னொரு பாதியை மறைத்து என்ன ஆகப்போகிறது? பொறி பார்ப்பதில் என்ன பெரிய தப்பு என்று அவளும்தான் நினைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்காரர் வந்து, தன் பெட்டியைப் பச்சைக்குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போனார். இன்னொரு பெட்டி சரக்கு வண்டியில் ஏறியது. தூங்குமூஞ்சி பார்சல்களை அடுக்கிக்கொண்டு கிளம்பினான். பொடிசு நகத்தைக் கடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

மத்தியானம் அவன் திரும்பி வந்தபோது ஹாரன் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது.

"அண்ணி! மேம்பாலத்துல ஏறுறப்ப பின்னாலேர்ந்து யாரோ தள்ளிவிடுற மாதிரி இருக்கு! முழு லோடு! பாதி ரவுண்டு சரக்கு இன்னும் பின்னாலதான் கெடக்கு, சாப்பிட்டுட்டு மறுபடி கெளம்பணும்!" என்று வண்டியிலிருந்து குதித்தான். பொடிசின் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தான். "பெரிய ஆளுடி நீ!"

பொடிசுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "நம்பவே முடியல சின்னண்ணா. லேப்ல சட்டைப் பொத்தான் அளவுல இருந்தது, வண்டிய இழுத்துட்டு வருது!"

பெரியவன் கேட்டும் கேட்காததுபோல ஒரு பழைய பேட்டரிக்கு ஆசிட் ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

வண்டியை ஷெட்டுக்குள் விட்டு சார்ஜ் போட்டார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். அண்ணி எச்சில் தட்டுகளைக் கழுவப் போனாள். புது பேட்டரி என்றதும் எதிர்க்கடை ஆட்கள் இரண்டு பேர் வந்து ஷெட்டை எட்டிப் பார்த்தார்கள். "இங்க என்ன சர்க்கஸா நடக்குது?" என்று பெரியவன் அவர்கள்மேல் எரிந்து விழுந்தான். ஷெட்டின் ஷட்டரைத் தடாரென்று இழுத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

கடைக்குள் ஃபேன் கடகடவென்று ஓடியது. பொடிசு லேப்டாப்பை மேஜையில் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லின் சூடும் அதில் தெரியும். எல்லாம் பச்சையாக இருந்தன. அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வரும்போது அவற்றில் ஒன்று மஞ்சளாகியது.

"அண்ணி, இங்க வாங்களேன்." பொடிசின் குரல் மாறியிருந்தது. "இந்த ஒண்ணு மட்டும் சூடாகுது பாருங்க. இங்க வெல்டு சரியாப் பிடிக்கலையா?"

அண்ணிக்குச் சுள்ளென்று ஏறியது. "என் வெல்டா? இழுத்துப் பார்த்துட்டுத்தானே குடுத்தேன்?"

"கோவப்படாதீங்க. வெல்டு லூசா இருந்தாத்தான் ஒரு செல் மட்டும் இப்படிச் சுடும். வேற காரணமே இல்ல."

அண்ணி புருஷனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்லலாம். அவன் ஆசிட் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னான்: "அவ வேலையே அப்படித்தான் பொடிசு. எப்பவும் அரைகுறை."

இத்தனை வருஷமும் அண்ணி எதையெதையோ பொறுத்திருக்கிறாள். கையை முறுக்கியதைப் பொறுத்தாள், டீ கொட்டியதைப் பொறுத்தாள். ஆனால் இதைப் பொறுக்க முடியவில்லை. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ்!" என்றாள். 'என்னங்க' என்பதைத் தவிர வேறு எதையும் அந்த வாயிலிருந்து அவன் கேட்டதில்லை. "காலையில பொறி பார்த்தியே, அதைச் சொல்லேன்யா உன் தங்கச்சிகிட்ட!"

பொடிசு எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "என்னது? எதுல பொறி பார்த்தான்?"

"உன் பெட்டில! கம்பி வெச்சு இழுத்தான். கம்பியே உருகிடுச்சு. என் கண்ணால பார்த்தேன்."

பொடிசு அண்ணன் பக்கம் பாய்ந்தாள். "அய்யோ, பாவி! அது உங்க ஆசிட் பேட்டரி இல்லடா! ஒரேயடியா அவ்ளோ கரன்ட் இழுத்தா உள்ள முடி மாதிரி ஒரு இழை முளைச்சுடும்டா. சார்ஜ் ஏற ஏற அது வளர்ந்து குறுக்கால குத்தும். ஷட்டரத் திற! பிளக்கைப் புடுங்கணும்!"

"திறக்க முடியாது" என்றான் பெரியவன். தப்பு செய்தவனுக்குத்தான் மூக்குக்குமேல் கோபம் வரும். "எல்லாரும் சேர்ந்து என் தலையில கட்டப் பார்க்கிறீங்களா? அது அப்படியே கெடக்கட்டும். எவன் தப்புன்னு தெரியட்டும்."

பொடிசு அவனை அறைந்தாள். சின்ன உருவம்தான், ஆனால் அறை விழுந்த சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும். பெரியவன் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மேஜையில் மோதினான். லேப்டாப் தள்ளிப்போய் ஓரத்தில் தொங்கியது. அவள் நெற்றியில் ரத்தம் வழிந்தது. அவள் விடவில்லை, அவன் சட்டைப்பையைப் பிடித்து இழுத்தாள், சட்டை கிழிந்தது, சாவி கிடைக்கவில்லை. அவன் மறுபடி அவள் தலையைத் தூக்கினான்.

அண்ணியின் கைக்கு எட்டியது பேட்டரி தூக்குகிற இரும்புக் கொக்கி. யோசிக்கவே இல்லை. ஓங்கி அவன் முன்கையில் ஒரு போடு போட்டாள். அவன் அலறிக்கொண்டு தங்கையை விட்டான்.

"அண்ணி, மெயின்! மெயினை ஆஃப் பண்ணுங்க!" என்று பொடிசு தரையிலிருந்து கத்தினாள்.

அண்ணி ஓடிப்போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். விளக்கு அணைந்தது. ஃபேன் தயங்கித் தயங்கி நின்றது. பொடிசு லேப்டாப்பை இழுத்துப் பார்த்தாள். மஞ்சள் சிவப்பாகியிருந்தது. பக்கத்துச் செல்லும் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. "சார்ஜ் நின்னாலும் இறங்கல" என்றாள். "உள்ளயே பத்திக்கிச்சு. போகட்டும் விடுங்க, வண்டிதானே. எல்லாரும் வெளிய வாங்க!"

ஃபேன் நின்ற அந்த அமைதியில்தான் அவர்களுக்கு அது கேட்டது.

கொர்... என்று ஒரு சத்தம். நிற்கும். மறுபடியும் கொர்... ஷட்டருக்கு அந்தப் பக்கமிருந்து.

வீட்டில் எத்தனை தடவை கேலி பண்ணிச் சிரித்த குறட்டை! சாப்பிட்டதும் தூங்குமூஞ்சி வண்டியின் பின்பக்கம் ஏறிப் பார்சல்களுக்கு நடுவில் காலை நீட்டிவிடுவான் என்று அந்த மூன்று பேருக்கும் தெரியும். எதிர்க்கடைக்காரர்களைத் திட்டிய வேகத்தில் பெரியவன் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் பூட்டியிருந்தான். தம்பியின் முதுகுக்கு நேர் கீழே இருந்தது பேட்டரிப் பெட்டி.

பெரியவன் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து ஷட்டரை முஷ்டியால் குத்தினான். "டேய்! டேய் தம்பி! எந்திரிடா!"

கிழிந்த சட்டைக்குள் சாவி இல்லை. மேஜைக்கடியில் எங்கேயோ உருண்டுவிட்டது. அண்ணி கையிலிருந்த கொக்கியைப் பிடுங்கிப் பூட்டின்மேல் அடித்தான். ஓர் அடி. இன்னோர் அடி. அவள் அடித்த கை அது, வீங்கிக்கொண்டு வந்தது, அப்படியும் அடித்தான். உள்ளே குறட்டை நின்றது. "யாரு?" என்று தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல்.

அந்தக் குரலோடு சேர்ந்து வெடித்தது.

ஷட்டர் வெளிப்பக்கம் பிதுங்கியது. இடுக்குகளில் வெள்ளையாக, கண் கூசுகிற வெள்ளையாக வெளிச்சம் வந்தது. உள்ளே அவன் கத்திய கத்தலை எழுதுவதற்கு என்னால் ஆகாது. பூட்டு தெறித்தது. பெரியவன் சுடுகிற ஷட்டரை வெறுங்கையால் பிடித்துத் தூக்கினான். உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. புகைக்குள் வண்டியின் பின்பக்கம் எரிந்தது. தூங்குமூஞ்சி பார்சல்களுக்கு அடியில் காலை உருவ முடியாமல் துடித்துக்கொண்டிருந்தான். அவன் கால்சட்டை பற்றியிருந்தது.

ஆசிட் கடையில் தண்ணீர்த் தொட்டி எப்போதும் நிறைந்திருக்கும். கையில் ஆசிட் பட்டால் உடனே தண்ணீரில் முக்குவதுதான் அங்கே முதல் பாடம். அந்தப் பழக்கத்தில் பெரியவன் வாளியை முக்கி எடுத்தான்.

"ஊத்தாதே! தண்ணி ஊத்தாதே! மண்ணைப் போடு!" என்று பொடிசு கத்தினாள்.

அவன் ஊற்றிவிட்டான். செல்களுக்குள் எரிகிற லித்தியம் உலோகத்தில் தண்ணீர் பட்டதும் தீ கூரைவரைக்கும் எழுந்து அவன்மேலேயே திரும்பியது. அவன் தூக்கியெறியப்பட்டுத் தொட்டியில் போய் மோதினான். அண்ணிதான் சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே புகுந்தாள். கொழுந்தனின் சட்டைக் கழுத்தைப் பிடித்தாள். ஆறடி ஆள். எங்கிருந்து வந்ததோ அந்தப் பலம், தரதரவென்று இழுத்துத் தெருவில் போட்டாள். எதிர்க்கடைக்காரர்கள் மணலை வாரி அடித்தார்கள். திட்டு வாங்கிய அதே ஆட்கள்.

"அண்ணி" என்றான் தூங்குமூஞ்சி. தன் காலைப் பார்க்க முயன்றான். அவள் அவன் கண்ணைப் பொத்தினாள்.

ஆஸ்பத்திரி வராந்தா. கதவுக்கு அந்தப் பக்கம் தூங்குமூஞ்சி. இந்தப் பக்கம் பெஞ்சில் பெரியவன், இரண்டு கையிலும் கட்டு. பொடிசின் நெற்றியில் தையல். அண்ணியின் புருவம் பொசுங்கியிருந்தது.

"ஆணி அடிச்சுப் பார்த்தேன் அண்ணி" என்றாள் பொடிசு திடீரென்று. "நசுக்கிப் பார்த்தேன், சூடுபண்ணிப் பார்த்தேன். பொறி பார்த்துப் பார்க்கல. லேப்ல எவனும் அப்படிப் பண்ண மாட்டான். தெருவுல இருக்கிற ஒவ்வொரு மெக்கானிக்கும் பண்ணுவான். பொறி பார்க்கிற வீட்லயே பொறந்துட்டு அதை நான் எப்படி மறந்தேன்?"

அண்ணி அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "நான் காலையிலயே வாயைத் திறந்திருக்கணும்டி" என்றாள்.

கண்ணாடிக்காரர் வேகவேகமாக வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார், உச்சுக் கொட்டினார். பிறகு பொடிசைத் தனியே அழைக்காமல் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "உண்மையைச் சொல்லும்மா. செல் தானா எரிஞ்சுதா, இல்ல யாராவது கை வெச்சாங்களா?"

பொடிசு அண்ணனைப் பார்த்தாள். அவன் கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொல்லிவிட்டாள். பொறி பார்த்ததை, கம்பி உருகியதை, எல்லாவற்றையும்.

"அப்பாடா!" என்றார் கண்ணாடிக்காரர். சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. "தப்பா நினைக்காதீங்க. செல் தானா எரிஞ்சிருந்தா நம்ம ஆராய்ச்சி எல்லாத்தையும் இழுத்து மூடியிருப்பாங்க. அதான். இது ஏதோ தெரியாம நடந்தது. வீட்டுக்குள்ள முடிச்சுக்கலாம், போலீஸ் வரைக்கும் போக வேண்டாம்."

பெரியவன் மூச்சு விட்டான். நீளமாக விட்டான்.

"சார், உங்க வீட்டுப் பெட்டி?" என்றாள் பொடிசு.

"அதை யார் தொட்டா? ஜம்முனு ஓடுது. மக வீட்ல தனியா இருக்கா. வண்டிய ஹால்ல நிறுத்தி இப்பதான் சார்ஜ் போட்டேன்னு போன் பண்ணினா. அப்படியே கொஞ்சம் படுக்கிறேன்னா."

அண்ணி நிமிர்ந்தாள். எங்கேயோ ஏதோ நெருடியது. டீ கொதித்து மேலே வந்தது ஞாபகம் வந்தது. கடைப் பக்கமிருந்து 'டப்' என்று கேட்டது. என் மெஷினில் யார் கை வைத்தது என்று அவள் ஓடி வந்தாள். மெஷின் பக்கம் யாருமில்லை. அதற்கு அப்புறம்தானே அவள் கண்ணெதிரே அந்த நீல வெளிச்சம்?

மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"என்னங்க" என்றாள். "காலையில நான் டீ போட்டுட்டு இருந்தப்ப ஒரு சத்தம் கேட்டுது. நான் வந்து பார்த்தப்ப ரெண்டாவது. அந்த முதல் சத்தம் என்ன?"

பெரியவன் கண்ணைத் தூக்கினான். காலையில் பார்த்த அதே பார்வை. 'வாயைத் திறந்தே...' இப்போதும் அதற்கு மீதி இல்லை. ஆனால் முறுக்குவதற்குக் கைதான் இல்லை.

அண்ணி எழுந்தாள். இரண்டு கையாலும் அவன் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினாள். பெஞ்சு சுவரில் இடித்தது. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

"எந்தப் பெட்டிடா அது? சொல்லு! எந்தப் பெட்டி?"

"ரெண்டுலயும்தான்" என்றான் பெரியவன். "ரெண்டுலயும் பார்த்தேன்."

பொடிசு வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணாடிக்காரர் போனை எடுத்தார். முதலில் வேறெதையோ அழுத்திவிட்டு, மறுபடி அழுத்தினார். அந்தப் பக்கம் மணி அடிப்பது எல்லோருக்கும் கேட்டது.

"எடும்மா" என்றார். "எடுத்துடும்மா."

மணி அடித்து அடித்துத் தானாகவே நின்றது. அவர் மறுபடியும் அழுத்தினார். அண்ணி பிடித்த காலரை இன்னும் விடவில்லை.